முதற்படமும் அவையோர் கடனும்

பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர், அரியாலை

புலவன் ஒருவன் நூலை ஏட்டில் எழுதி முடித்த அளவில் அது நூலாயிற்று என்று நம் முன்னோர் கொண்டாரல்லர். அறிஞர் கூடிய அவையிலே அஃது அரங்கேறல் வேண்டும். அவையோர் செவி கொடுத்துக் கேட்டல் வேண்டும். ஐயுற்றவிடத்துத் தடை நிகழ்த்தல் வேண்டும். தடைக்கு விடை பெற்ற பின்னரே ஏற்றல் வேண்டும். கந்தபுராணப் படிப்பிலே வளர்ந்த யாழ்ப்பாணத்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. காஞ்சிக் குமரகோட்டத்திலே கச்சியப்பர் தம் புராணத்தை அரங்கேற்றத் தொடங்கியபோது, முதற் செய்யுளின் முதற் சொற்புணர்ச்சிக்கே இலக்கண விதி யாதென அவையில் ஒருவர் வினவினார் என்றும், மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் காட்டி அத்தடையை நீக்கினார் என்றும் மரபு வரலாறு கூறும். முருகன் புகழ் பாடும் நூலாயிற்றே, குற்றம் ஆராய்தல் தகுமோ என்று அவையினர் வாளாவிருந்திலர். விதி காணப்பெறாத சொல் ஒன்று வந்துவிட்டது என்பதற்காக நூலை எடுத்தெறிந்தாருமல்லர். வினவினார், விடைக்காகக் காத்திருந்தார், விடை வந்ததும் ஏற்றுக்கொண்டார். அவை என்பதன் இலக்கணம் இதுவே.

நூலுக்குரிய அவை இன்று எந்நிலையிலுள்ளது என்பதைப் பிறிதொரு முறை ஆராயலாம். திரைப்படத்துக்குரிய அவை நம்மிடையே உண்டோ என்பதே இக்கட்டுரையின் வினா. அதிலும், பெருமுதலாளர் துணையின்றி, பெயர்பெற்ற நடிகரின்றி, ஒரு குடும்பத்தின் இன்பதுன்பத்தைப் பொருளாகக் கொண்டு, இளைஞனொருவன் சிறுதொகையிலே எடுக்கும் முதற்படத்தை நாம் எவ்வாறு வரவேற்கிறோம் என்பதையே ஈண்டு எடுத்துக்கொள்கிறேன். கல்லூரி மலருக்கு இது பொருந்தாப் பொருளன்று. 2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னர், இக்குடாநாட்டிலே கமராவைக் கையிலெடுத்த இளைஞர் பலர் நம் பாடசாலைகளின் வாங்குகளிலிருந்து எழுந்து சென்றவர்கள். அவர்களுடைய படங்களைப் பார்க்க வேண்டியவர்களும், மதிப்பிட வேண்டியவர்களும், பணம் கொடுத்துதவ வல்லவர்களும் இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்களேயாவர்.

நம்மவர் வரவேற்பு இருவகைப்படும். ஒன்று, பொன்னாடை வரவேற்பு. நம்மூர்ப் பிள்ளை எடுத்த படம், குறை கூறலாகாது, தட்டிக்கொடுத்தல் வேண்டும் என்பது அதன் நியாயம். மற்றொன்று, அளவுகோல் வரவேற்பு. தென்னிந்தியப் படம்போல இல்லையே, பாட்டில்லையே, சண்டையில்லையே, வெளிச்சம் போதவில்லையே என்பது அதன் நியாயம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகைபோலத் தோன்றும். உண்மையில் இவை உடன்பிறப்புகள். இரண்டும் படத்தைப் பார்க்கவில்லை. முன்னது எடுத்தவனின் ஊரைப் பார்க்கிறது. பின்னது எடுத்தவனின் பணப்பையைப் பார்க்கிறது.

முதற்படமொன்று எவ்வாறு பிறந்து, எவ்வாறு ஏற்கப்படுகிறது என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு வங்காளத்துச் சத்தியஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'. விளம்பர நிறுவனமொன்றிற் சித்திரக்காரராக ஊதியம் பெற்றுவந்த ராய், 1952 ஆம் ஆண்டு ஒக்டோபரில், ஓய்வு நாள்களிலே அதனைப் படமாக்கத் தொடங்கினார். கமராவைக் கையாண்ட சுப்ரத மித்திரர் அதற்கு முன் சினிமாக் கமராவை இயக்கியறியாத இருபத்தொரு வயது இளைஞர். வெண்ணாணல் பூத்த வெளியிலே முதற்காட்சியின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, எஞ்சியதை எடுக்க அடுத்த வாரம் சென்றபோது, மாடுகள் பூக்களையெல்லாம் மேய்ந்து தீர்த்திருந்தன. அக்காட்சியை நிறைவு செய்ய அடுத்த ஆண்டுப் பூக்காலம் வரையிற் காத்திருந்தனர். காப்புறுதிப் பத்திரம் ஈடு வைக்கப்பட்டது. சேர்த்துவைத்த இசைத்தட்டுகள் விற்கப்பட்டன. மனைவியின் நகைகள் அடைவுக்குப் போயின. ஈற்றில் மேற்கு வங்க அரசு கைகொடுத்தது. படத்தின் பெயரில் 'பாதை' என்னும் பொருள் இருந்தமையாற்போலும், அப்பணம் அரசின் கணக்கேட்டில் வீதி அபிவிருத்தியின்கீழ் எழுதப்பட்டது. மொத்தச் செலவு ஏறத்தாழ 1,50,000 இந்திய ரூபா.

1955 ஓகஸ்ட் 26 ஆம் நாள் அப்படம் கல்கத்தாவில் வெளியாயிற்று. முதல் நாள்களிற் கூட்டம் மிகுதியில்லை. பார்த்தவர் பாராதவர்க்குச் சொல்ல, வாய்மொழியாகவே செய்தி பரவிச் சில வாரங்களில் மண்டபம் நிறைந்தது. 1956 இல் பிரான்சு நாட்டுக் கான் விழாவில் அது காட்டப்பட்டபோது முதற்காட்சிக்கு வந்தவர் சிலரே. மதிப்பறிந்த விமர்சகர் சிலர் மறுகாட்சி வேண்டுமென வற்புறுத்தினர். அதன்பின் சிறந்த மானிட ஆவணம் என்னும் பரிசு கிடைத்தது. ஆனால் எல்லோரும் புகழ்ந்தாரல்லர். 1958 இல் நியூயோர்க் நகரிலே செல்வாக்கு மிக்க பத்திரிகை விமர்சகரான பொஸ்லி குரோதர், அதன் கோவைமுறை செப்பமற்றது, ஹொலிவூட்டிலே அரைகுறைத் தொகுப்பாகக்கூடக் கொள்ளப்படமாட்டாது என்னும் கருத்துப்பட எழுதினார். அந்நகரத்துச் சுவைஞரோ ஏறத்தாழ எட்டு மாதம் அதனை ஒரே படமாளிகையில் ஓடவைத்தனர். இந்தியாவிலே, 1980 ஆம் ஆண்டில், நடிகையும் மாநிலங்களவை உறுப்பினருமாயிருந்த நர்கிஸ், ராய் இந்திய வறுமையை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார் என்று குற்றஞ்சாட்டினார்.

இக்குற்றச்சாட்டைத் தமிழ் மாணாக்கன் ஒருவன் எவ்வாறு ஆராய்வான்? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே அழுகைக்கு நிலைக்களனாக நான்கினைக் கூறினார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு. உயிரோ பொருளோ இழத்தல் இழவு. பண்டைநிலை கெட்டுத் தளர்தல் அசைவு. நுகர்தற்கு ஒன்றின்மை வறுமை. 'பதேர் பாஞ்சாலி' என்னும் படத்தை இந்நான்கையும் கொண்டு நோக்குக. துர்க்கை என்னும் சிறுமிமீது அயல்வீட்டார் மாலை திருடியதாகப் பழி சுமத்துகின்றனர், தாய் நாணிக் குறுகுகிறாள், இஃது இளிவு. முதுகிழவியும் பின்னர் அச்சிறுமியும் இறந்துபடுகின்றனர், இஃது இழவு. மூதாதையர் வாழ்ந்த வீடு மழையில் இடிந்து வீழ்கிறது, குடும்பம் ஊரைவிட்டுப் பெயர்கிறது, இஃது அசைவு. வறுமையோ படம் முழுவதும் பரந்து கிடக்கிறது. ஆக, வறுமையைக் காட்டுகிறார் என்றவர் நான்கிலொன்றை மாத்திரம் கண்டார். தமக்கை இறந்த பின்னர்ச் சிறுவன் அப்பு, அவள் ஒளித்துவைத்திருந்த அந்த மாலையைத் தற்செயலாகக் கண்டெடுத்துக் குளத்திலே வீசுகிறான். பாசி விலகி, மாலை ஆழ, மறுபடி மூடிக்கொள்கிறது. செத்தவளுக்கு வரவிருந்த இளிவை உயிரோடிருப்பவன் நீர்க்கடியிற் புதைக்கும் காட்சி அது. அதிலே வறுமை எங்கேயுளது? குடும்ப மானம் உளது. உடன்பிறப்பின் அன்பு உளது.

மற்றொன்றும் கூறுவேன். வெளியூர் சென்று திரும்பிய தந்தை, மகள் இறந்ததறியாமல் அவளுக்கென வாங்கிவந்த சேலையை நீட்டுகிறார். தாய் வாய்விட்டு அலறுகிறாள். அவ்வலறலை நாம் கேட்பதில்லை. அவ்விடத்திலே தார்செனாய் என்னும் நரம்பிசைக் கருவியின் உச்சத்தொனி ஒலிக்கிறது. நம் நாடகமேடைகளிலும் திரைகளிலும் தாய்மார் அழுகின்ற அழுகையை எண்ணிப் பாருங்கள். குரலை நீக்கிவிட்டமையால் துயரம் குறைந்ததோ, மிகுந்ததோ? இத்தகைய வினாவை எழுப்புவதே விமர்சனம். இதனை எழுப்புதற்கு விலையுயர்ந்த கமரா வேண்டாம். கூர்ந்து நோக்கும் கண்ணும், நோக்கியதைச் செப்பமாகச் சொல்லும் மொழியும் போதும்.

வங்காளத்துக் கதை இது. நம் நாட்டில் நிகழ்ந்தது யாது? சிங்களத்தின் முதற் பேசும்படம் 1947 இல் வெளியானது, எஸ். எம். நாயகம் என்னும் தமிழர் தயாரித்த அப்படமும், அதன் வழிவந்த பலவும் தென்னிந்தியக் கலையகங்களிலே, தென்னிந்தியப் படங்களின் அச்சிலே வார்க்கப்பட்டன. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் என்பவர் அரசாங்கப் படப்பிரிவிலிருந்து விலகி, வில்லியம் பிளேக், டைட்டஸ் தொடவத்த என்னும் தோழர் இருவரோடு கலையகத்தை விட்டு வெளியேறிக் கிராமத்து வெயிலிலே தம் முதற் கதைப்படமாகிய 'ரேகாவ'வை எடுத்தார். அது வெளியானது 1956. அடுத்த ஆண்டு கான் விழாப் போட்டியிலே அது இடம்பெற்றது. உள்நாட்டிலோ முதலிட்ட பணமும் மீளவில்லை. ஆயினும் அவரை மதித்த விமர்சகர் உள்நாட்டிலும் இருந்தனர். அவர்கள் எழுத்து ஓய்ந்திலது. 1963 இல் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி, தென்னிலங்கைக் கிராமத்துப் பெருங்குடும்பமொன்றின் வீழ்ச்சியை அவர் 'கம்பெரலிய' எனப் படமாக்கியபோது அதனை அறிந்து ஏற்கக்கூடிய அவையொன்று உருவாகியிருந்தது. 1965 இல் புதுதில்லி விழாவிலே அது தங்கமயில் விருது பெற்றது. முதற்படம் தோற்றவிடத்திலே இரண்டாம் மூன்றாம் படங்களுக்கு வழி திறந்து வைத்தவர், அம்முதற்படத்தை உண்மையாக ஆராய்ந்தவர்களே என்பது என் துணிபு.

தமிழகத்திலும் இத்தகைய முயற்சியொன்று உண்டு. எழுத்தாளர் ஜெயகாந்தன் தம் கதையாகிய 'உன்னைப்போல் ஒருவன்' என்பதைத் தாமே நெறிப்படுத்தி 1965 இல் வெளியிட்டார். சேரியில் வாழும் தாய், அவள் மகன், அவளோடு வாழவந்த கிளிச்சோதிடன் ஆகிய மூவருக்கிடையே நிகழும் உள்ளப்போரே கதை. படத்திற் பாட்டு இல்லை. வீணை சிட்டிபாபுவின் இசை உண்டு. 1964 ஆம் ஆண்டுக்குரிய இந்தியத் தேசிய விருதுகளில், ராயின் 'சாருலதா' முதற் சிறந்த படமாகத் தெரிவுசெய்யப்பட்ட அதே வரிசையில், இப்படம் மூன்றாவது சிறந்த படமெனச் சான்றிதழ் பெற்றது. தமிழில் இதுவும் ஆகும் என்று காட்டிய பெருமை அதற்குண்டு. ஆனாற் பெருந்திரளான தமிழ்ச் சுவைஞர் அதனைப் பார்த்தாரல்லர். சான்றிதழ் ஓர் அவை கொடுத்தது. மற்றைய அவை, நுழைவுச்சீட்டு வாங்கும் அவை, வாராதொழிந்தது.

இனி நம் வீட்டு முற்றத்துக்கு வருவோம். இலங்கையிலே தமிழ்ப்படம் 1962 இல் 'சமுதாயம்' என்பதோடு தொடங்கியது. கட்டடக்கலைஞரான வீ. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' 1972 இல் வந்தது. யாழ்ப்பாணத்துக் கமக்காரக் குடும்பமொன்றின் கதையை யாழ்ப்பாணத்து மண்ணிலே வைத்துக் காட்டும் முயற்சி அது. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' 1978 இல் வந்தது. இவற்றுக்கிடையே 1977 இல் வந்த 'பொன்மணி'யே நான் முதன்மையாகக் கொள்வது. அதன் நெறியாளர் தர்மசேன பத்திராஜ. சிங்களத்திலே 1974 இல் 'அஹஸ் கவ்வ' என்னும் முதற்படத்தால் அறியப்பட்டவர். யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழக வளாகத்திலே விரிவுரையாளராய் இருந்தவர். தமிழில் அவருக்கு முதலும் ஒன்றுமாகிய படம் இதுவே. எழுதியவர் காவலூர் இராசதுரை. வளாகத்தைச் சார்ந்தோரும் நாடக ஆர்வலரும் நடித்தனர். சீதனம் தேடமுடியாது பெண்களை வீட்டில் வைத்திருக்கும் குடும்பம். சாதி எல்லைக்கு அப்பாற்பட்ட ஒருவனை விரும்பும் இளைய மகள். மரணத்திலே முடியும் காதல். இதுவே அதன் பொருள்.

தொல்காப்பியர் காட்டிய நான்கையும் இங்கும் வைத்துப் பாருங்கள். வறுமை இங்கே சோறின்மையன்று, சீதனமின்மை. அசைவு என்பது மானம் குறையாமலும் வரவு குறைந்தும் நிற்கும் ஒரு குடியின் தளர்ச்சி. இளிவு என்பது மணமாகாத பெண் வீட்டு வாசலிலே நிற்கும்போது ஊர் பார்க்கும் பார்வை. இழவு என்பது ஈற்றில் நேரும் உயிரிழப்பு. யாழ்ப்பாணத்தவர்க்கு இதைவிட அண்மையான கதை வேறில்லை. எனினும் 'பொன்மணி' படமாளிகைகளில் நெடுநாள் நிற்கவில்லை. இன்றோ இலங்கைத் தமிழ்ப்படங்களின் வரலாறு எழுதுவோர் அதனை முன்வரிசையில் வைக்கின்றனர். கருத்தரங்குகளிலே பேசப்படுகின்றது. பத்திராஜ 2018 இல் மறைந்தபோது அவரை நினைந்தெழுதிய தமிழர் பலரும் 'பொன்மணி'யைக் குறிப்பிட்டனர்.

தோல்விக்குக் காரணம் யாது? படத்தின் நடை மெதுவானது, தென்னிந்தியப் படங்களிற் பழகிய கண்ணுக்கு அது சலிப்பூட்டியது என்பர் சிலர். அது பொய்யன்று. ஆயினும் அதுவே முழுக்காரணமென யான் கொள்ளேன். இராச் சாமத்தில் தொடங்கி விடியும்வரை 'மயான காண்டம்' பார்த்து, வைரமுத்துவின் குரலுக்குக் கண்ணீர் வடித்த மக்கள் நாம். மெதுவான நடை நமக்குப் புதிதன்று. அரிச்சந்திரன் துயரத்துக்கு அழுதல் எளிது. அவன் அயோத்தி அரசன். பக்கத்து வளவின் துயரத்தைத் திரையிற் பார்த்து, அத்துயரத்துக்குக் காரணர் நாமும் நம் உறவினருமே என்று உணர்ந்து அழுதல் அரிது. 'பொன்மணி' நம்மை அழச் சொல்லவில்லை, நாணச் சொன்னது. நாணச் சொல்லும் படைப்புக்கு அவையிலே துணை நிற்பவன் விமர்சகன். படம் மண்டபத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, இது நம்மைப் பற்றியது, போய்ப் பாருங்கள், உடன்படாவிடின் வாதாடுங்கள் என்று ஊர்தோறும் சொல்லும் குரல் வேண்டியிருந்தது. இருபது ஆண்டு கழித்து வந்த புகழுரை படைப்பாளிக்கு மாலையாகலாம். படத்துக்கு அது மருந்தாகாது.

காலந்தாழ்த்த புகழினால் என்ன குறை, வந்ததே போதுமன்றோ என்பாருமுளர். அவர்க்கு விடையாகத் தீயைக் காட்டுவேன். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்திலே ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரிக்கப்பட்டது, படச்சுருள்களும் தீக்கிரையாயின. படமும் போயிற்று, படத்தைப்பற்றி எழுதிய தாளும் போயிற்று. நம் படங்கள் பலவற்றைப் பற்றி இன்று எஞ்சியிருப்பது பெயரும் ஆண்டும் சில பாட்டுகளுமே. தீ வங்காளத்துப் படத்தையும் விட்டதன்று. 1993 இல் இலண்டனிலே பதனிடுங்கூடமொன்றில் ஏற்பட்ட தீவிபத்திலே ராயின் படங்களின் மூலச்சுருள்கள் கருகின. ஆனால் அவற்றின் அருமையை உலகம் முன்னரே அறிந்திருந்தது; ஆதலின் கருகிய சுருள்களையும் எறியாது பேணினர். பின்னர் வல்லுநர் ஏறத்தாழ ஆயிரம் மணிநேரம் உழைத்து, கருகியவற்றுள் எஞ்சியதையும் வேறு பிரதிகளையும் ஒன்றுசேர்த்து, 2015 இல் 'பதேர் பாஞ்சாலி'யைப் புத்துயிரோடு திரையிட்டனர். இரண்டு தீக்குமிடையே உள்ள வேற்றுமை பணம் மாத்திரமன்று. முன்னரே மதித்தறிந்த பொருளையே மனிதர் சாம்பலிற் தேடுவர். மதித்தறியாததை யார் தேடுவார்?

விமர்சனத்தின் பயன் இங்கேதான் விளங்குகிறது. படம் இன்று மண்டபத்தில் ஓடுகிறது, நாளை மறைகிறது. அதில் என்ன இருந்தது, எது சிறந்தது, எது பிழைத்தது என்று ஒருவர் செப்பமாக எழுதிவைத்தால், படம் அழியினும் அதன் உரை நிற்கும். மூலம் மறைந்த நூல்கள் பல உரையாசிரியர் மேற்கோளால் அன்றோ நமக்குத் தெரியவந்தன! 'ஊருக்குப் பெருமை', 'இளைஞரின் அரிய முயற்சி', 'பாராட்டுக்குரியது' என்னும் தொடர்களோ எப்படத்துக்கும் பொருந்துவன. ஆதலின் எப்படத்தையும் காப்பாற்றாதன.

சில ஆண்டுகளின் முன் இப்பகுதியில் ஒரு மண்டபத்திலே இளைஞரொருவரின் முதற்படம் காட்டப்பட்டது. தாயும் இரு மக்களும் கொண்ட சிறு குடும்பத்தின் கதை. வெளிநாடு செல்லும் மகன், வீட்டில் எஞ்சும் மகள், காணி விற்பனை. படத்தின் முன்னும் பின்னுமாகப் பேச்சுகள் படத்திலும் நீண்டன, பொன்னாடைகள் ஐந்து. முடிவில் வாயிலருகே அவர் என்னைத் தடுத்து, "உண்மையாச் சொல்லுங்கோ சேர், படம் எப்பிடி?" என்று கேட்டார். பிற்பாதியிலே காற்றிரைச்சலால் உரையாடல் கேட்கவில்லை, மகன் புறப்படும் காட்சியில் இசை கண்ணீரை முந்திக்கொண்டது, காணி உறுதியைத் தாய் வாசியாமலே மடித்து வைக்கும் இடம் மிக நன்று, அதிலேயே படத்தை முடித்திருக்கலாம் என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து துண்டுக் கடதாசியை எடுத்துக் குறித்துக்கொண்டார். "மேடையில ஒருத்தரும் இதைச் சொல்லேல்லையே, சேர்" என்றார். அவர் குரலிற் கோபமில்லை, பசியிருந்தது. ஐந்து பொன்னாடை தணிக்காத பசி அது. அவர் இப்பொழுது வெளிநாடொன்றில் வேறு தொழில் செய்கிறார். இரண்டாம் படம் எடுக்கவில்லை. படம் எடாமைக்கு வாழ்க்கைத் தேவை முதலிய காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும் அவர் திறமையை உள்ளவாறு அவருக்கே எடுத்துக்காட்டும் அவை இங்கே இருக்கவில்லை என்பதும் ஒரு காரணமே.

கடுமையாகப் பேசினால் இளந்தளிர் வாடிவிடும் என்று அஞ்சுவார் உளர். அவ்வச்சம் அன்பின்பாற்பட்டது, மறுக்கமாட்டேன். ஆனால் உண்மை வேறு, கடுமை வேறு. மட்டக்களப்புக் கூத்து மரபிலே, அரங்கேற்றத்தின் முன் அடுக்குப் பார்த்தல் என்றொரு நிகழ்ச்சி உண்டு. ஊரவர் பார்த்திருக்கக் கூத்து ஆடப்படும், குறை கண்டார் கூறுவர், அண்ணாவியார் திருத்துவார். அங்கே குறை சொல்பவன் பகைவனாகக் கருதப்படுவதில்லை. கூத்து நன்றாக அமைய வேண்டுமென்று விரும்பும் ஊரவனாகவே கருதப்படுகிறான். வள்ளுவரும் ஒருவனைத் தெரிந்துகொள்ளுமிடத்துக் குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே ஆராய்ந்து, மிகுந்ததைக் கொண்டு துணியவே சொன்னார். இரண்டில் ஒன்றை மறைக்கச் சொன்னாரல்லர். சிறுதொகைப் படமென்றால் அத்தொகைக்குள் அவன் எதை எண்ணினான், எண்ணியதை எய்தினானா என்று கேட்பது நீதி. ஒளியும் ஒலியும் பணத்தைப் பொறுத்தன. அவற்றிலுள்ள குறைக்கு ஓரளவு தள்ளுபடி கொடுக்கலாம். பாத்திரத்தின் பொய்மைக்கும் சோம்பேறியான கதைக்கும் தள்ளுபடி கொடுத்தல் ஆகாது; அவை பணத்தால் வருவனவல்ல.

ஆதலின் பழைய மாணவ அன்பர்க்கும் மாணாக்கர்க்கும் சில கூறி அமைவேன். வெளிநாடுகளிலும் கொழும்பிலும் வாழும் அன்பர்கள் கல்லூரிக்குக் கட்டடங்கள் அளித்தீர்கள், விளையாட்டிடம் திருத்தினீர்கள். நம் இளைஞனின் முதற்படம் திரையிடப்படும்போது நுழைவுச்சீட்டு வாங்கிச் செல்லுங்கள். இலவசச் சீட்டுக் கேளாதீர்கள். விழா மேடையிற் பேசுவதற்கு முன் படத்தை முழுவதும் பாருங்கள். ஆசிரியர்கள், தமிழ் மன்றத்திலே ஆண்டுக்கு ஒரு நம்மவர் படத்தையேனும் எடுத்து, கவிதைக்கு நயம் உரைப்பதுபோல அதற்கும் நயமும் குறையும் உரைக்கப் பழக்குதல் வேண்டும். 2015 முதல் யாழ்ப்பாணத்திலே சர்வதேச சினிமா விழாவும் நடைபெற்று வந்துள்ளது. அத்தகைய இடங்களுக்கு மாணாக்கரை அழைத்துச் செல்லுதல் சுற்றுலாவிலும் பயனுடையது. மாணாக்கரோ, பார்த்த படத்தைப்பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்: கண்ட காட்சி ஒன்று, அது செய்த தொழில் ஒன்று, பிழைத்த இடம் ஒன்று. எழுதியதைக் கல்லூரி மலரிலே இடுங்கள். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் நம் பழைய மலர்களையும் சிற்றிதழ்களையும் சேமித்து வருகிறது. நீங்கள் எழுதும் அவ்வொரு பக்கமும் இனித் தீக்கு எளிதில் இரையாகாது.

குமரகோட்டத்து அவையில் அன்று வினா எழுப்பியவரின் பெயரை நாம் அறியோம். அவர் வாளாவிருந்திருப்பின் அந்த முதற்சொல் ஐயத்தோடேயே நின்றிருக்கும். அத்தகைய பெயரறியா அவையோர் நூறுபேர் இவ்வூரில் எழுந்தால், அடுத்த 'பொன்மணி'யைப் பார்க்க நம் பிள்ளைகள் இருபது ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.